ஒரே உடம்பு, நாலு அணி: மதுரை வட்டாரக் கால்பந்து அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றியுள்ள திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுவினருக்கும், அணி நடத்தும் அண்ணன்மார்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், பி.இ.டி. ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். வருடத்தின் பெரும்பகுதி என்னிடம் வருகிறவர்கள் மூட்டுவலிக்காரர்கள், முதுகுவலிக்காரர்கள். சித்திரை பிறந்துவிட்டால் ஆள் மாறிவிடும். பின்தொடையைப் பிடித்துக்கொண்டும், முட்டி வீங்கியும், கணுக்கால் பிசகியும் கால்பந்துக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு, கல்லூரி அணிக்காரர்கள் உண்டு. வெளியூர் கிளப்புகளுக்கு ஒப்பந்தத்தில் ஆடிவிட்டு விடுமுறைக்கு ஊர் வந்தவர்களும் உண்டு. இந்த மடல் எல்லோரையும் பற்றியதுதான். ஆனாலும் கடைசியாகச் சொன்னவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். அவர்களுடைய சம்பளமே கால்தான். அந்தக் காலை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரரின் உடம்பு ஒரு வாரத்தில் மொத்தமாக எவ்வளவு உழைக்கிறது என்பதை நம் வட்டாரத்தில் யாரும் எழுதி வைப்பதில்லை. அதை எழுதி வைக்க வேண்டும். எழுதியதைப் பார்த்துப் பயிற்சியையும் போட்டி அட்டவணையையும் மாற்ற வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும், நாளைக்கே ஆரம்பித்துவிடலாம்.

ஏன் யாரும் எழுதுவதில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அக்கறை இல்லாமல் இல்லை. ஒரே பையன் காலையில் கல்லூரி அணிக்குப் பயிற்சி செய்கிறான். மாலையில் அகாடமி. வாரக் கடைசியில் ஊர் அணிக்கு நாக்அவுட். இடையில் நண்பர்கள் கூப்பிட்டால் ராத்திரி பத்து மணிக்கு செயற்கைப் புல் போட்ட டர்ஃபில் ஒரு மணி நேரம். நாலு இடத்திலும் நாலு பேர் பொறுப்பில் இருக்கிறார்கள், நாலு பேரும் தங்கள் பங்குக்கு அளவாகத்தான் கொடுக்கிறார்கள். மற்ற மூன்று இடத்தில் அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று கேட்கும் வேலை மட்டும் யாருடையதாகவும் இல்லை. உடம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தாங்குகிறது. கல்லூரிக்காக ஓடிய ஓட்டம் தனி, ஊருக்காக ஓடிய ஓட்டம் தனி என்று பின்தொடைத் தசைக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தில் ஆடுகிறவர் கதை இன்னும் சிக்கல். சீசன் நடக்கும்போது அவரைச் சுற்றி ஆள் இருக்கிறது. ஜெர்சிக்கு அடியில் கை இல்லாத குட்டிச் சட்டை ஒன்றை ஆட்டக்காரர்கள் போட்டிருப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே அதில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடினார், அதில் முழு வேகத்தில் எவ்வளவு, எத்தனை முறை சட்டென்று நின்று திரும்பினார் என்று எல்லாம் பதிவாகும். 2015ல் இருந்து ஆட்டத்தின்போதே இதைப் போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒரு போட்டியில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். அந்தத் தூரத்தை விட, அதில் வேகமாக ஓடியது எவ்வளவு என்பதைத்தான் கிளப்பில் உள்ளவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள். தசை கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

சீசன் முடிந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவர் பஸ் ஏறுகிறார். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது அவர் ஊர்ப் பிள்ளை. கண்மாய்ப் பொட்டலில் லைட் கட்டி நடக்கிற, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு அவர் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அந்த மாதங்களில் அவர் என்ன ஆடினார் என்பது கிளப்புக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வருடம் முழுக்க அளந்து பார்த்த உடம்பை, ஓய்வு எடுக்க வேண்டிய நேரத்தில் அளக்காமல் விட்டுவிடுகிறோம்.

கருவி வாங்க நம்மிடம் காசில்லை என்று சொல்வீர்கள். வேண்டியதில்லை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் 1990களிலேயே எளிமையான ஒரு வழியை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார். பயிற்சியோ ஆட்டமோ முடிந்து அரை மணி நேரம் கழித்து ஆட்டக்காரரிடம் ஒரே கேள்வி: ‘இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?’ சும்மா உட்கார்ந்திருந்தது 0, உயிரைக் கொடுத்து ஓடியது 10. அவர் சொல்லும் எண்ணை ஆடிய நிமிடங்களால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 60 நிமிடப் பயிற்சிக்கு 4 என்று சொன்னால் 240. 90 நிமிட ஆட்டத்துக்கு 7 என்றால் 630. அன்றைய சுமை அவ்வளவுதான். எந்த அணிக்கு ஆடினாலும் ஒரே நோட்டில் எழுதி வாரக் கடைசியில் கூட்டினால் மொத்தச் சுமை வந்துவிடும். இதயத் துடிப்பை வைத்து அளக்கும் கணக்கோடு இந்த எண் நன்றாகப் பொருந்திப் போகிறது என்று கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்தே 2004ல் ஆய்வு வந்தது. ஜிபிஎஸ் வைத்திருக்கும் கிளப்புகளும் இந்தக் கேள்வியை இன்றுவரை விடவில்லை. அரை மணி நேரம் ஏன் காத்திருக்க வேண்டுமென்றால், கடைசி ஓட்டம் கடுமையாக இருந்தால் முழுப் பயிற்சியும் கடுமை என்று தோன்றும். கொஞ்சம் ஆறிய பிறகு கேட்டால் நிதானமான பதில் வரும்.

இப்போது நம் கோடைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு வந்த ஆட்டக்காரர் முதல் சில வாரங்கள் ஓய்வாக இருக்கிறார். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் மெதுவான ஓட்டம், கஷ்டம் 3. வாரத்துக்கு 270. அடுத்து ஒரு செவன்ஸ் நாக்அவுட். ஆட்டம் 50 நிமிடம், கஷ்டம் 8, ஒரு ஆட்டத்துக்கு 400. வெள்ளி ராத்திரி ஒன்று, சனிக்கிழமை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை கால் இறுதி, அரை இறுதி, இறுதி. ஆக 2400. போன வாரத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு, அதுவும் மூன்றே நாளில். செவன்ஸ் மைதானம் சின்னது என்பதால் சுமை குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. சின்ன இடத்தில்தான் நிற்பதும் திரும்புவதும் மறுபடி பாய்வதும் அதிகம். மூட்டுக்கும் தசைக்கும் அதுதான் கடினம். புல் இல்லாத கட்டாந்தரை வேறு.

ஆஸ்திரேலியாவின் டிம் கேபட் என்ற ஆய்வாளர் 2016ல் எழுதிய கட்டுரை ஒன்று உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் கைக்குப் போனது. இந்த வாரச் சுமையைக் கடந்த நாலு வாரச் சராசரியால் வகுத்தால் 0.8 முதல் 1.3 வரை இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டினால் காயத்துக்கான வாய்ப்பு ஏறுகிறது என்று அவர் காட்டினார். அப்புறம் இத்தாலிய ஆய்வாளர் ஃபிராங்கோ இம்பெல்லிசெரி போன்றவர்கள் அந்தக் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது, ஒரு விகிதத்தை வைத்துக் காயத்தை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்று கடுமையாக மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதல் என்பது என் கருத்து. 1.4 பாதுகாப்பு, 1.6 ஆபத்து என்று கோடு கிழிப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஒன்பது மடங்கைப் பற்றி இரண்டு தரப்புக்கும் சண்டை வராது. மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த பம்புசெட்டை முதல் நாளே விடிய விடிய ஓட்டினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதைச் சொன்னவுடன் ‘அப்ப ஆடவே கூடாதா’ என்று கேட்பார்கள். ஆட வேண்டும். அளவாக ஏற்றிக்கொண்டே போன உழைப்புதான் உடம்பைக் காக்கும், முழு ஓய்வு காக்காது. விடுமுறையில் கால் நீட்டிப் படுத்துவிட்டு ஜூலையில் கிளப் பயிற்சிக்குப் போய் நிற்கிறவருக்கும் இதே கதிதான். திடீர் ஏற்றம்தான் கெடுதல். போட்டிக்கு மூன்று, நாலு வாரம் முன்பே 270ஐ 500, 800, 1100 என்று ஏற்றி வைத்திருந்தால் அதே நாக்அவுட்டை இன்னும் நன்றாகத் தாங்கியிருப்பார். அதற்கும் மேலே, மூன்று நாளில் ஆறு ஆட்டம் என்ற அட்டவணையை யாருக்கும் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘பையன் நல்லாத்தானே ஓடுறான்’ என்று மைதானத்தில் நிற்கிறவர்கள் சொல்வார்கள். இதற்குப் பதிலாக நான் எப்போதும் சொல்வது ஐரோப்பாவின் முன்னணி அணி ஒன்றில் இரண்டு சீசன் நடத்தி 2010ல் வெளியிட்ட ஆய்வைத்தான். வாரம் ஒரு ஆட்டம் ஆடியபோது, பயிற்சியும் ஆட்டமுமாக 1000 மணி நேரத்துக்கு 4.1 காயம். வாரம் இரண்டு ஆட்டம் ஆடியபோது 25.6. ஆறு மடங்கு. ஆனால் இரண்டு நிலையிலும் அவர்கள் ஓடிய தூரமும் வேகமும் ஏறக்குறைய அதேதான். வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மூன்று, நாலு நாள் இடைவெளி ஓடுவதற்குப் போதுமானதாக இருந்தது, காயத்தைத் தடுக்கப் போதவில்லை. அங்கே உள்ள நிலைமை இது. நாம் மூன்று, நாலு மணி நேர இடைவெளி கொடுக்கிறோம்.

உலகத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது. பார்சிலோனாவின் பெட்ரி 18 வயதில், 2020-21 சீசனில், கிளப்புக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டம் ஆடினார். அடுத்த சீசனில் பாதிக்கு மேல் தொடைக் காயத்தோடு வெளியே உட்கார்ந்தார். 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, இப்படியே ஆட்டங்கள் கூடினால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை வரும் என்றார். சில நாளில் அவருக்கு முட்டிச் சவ்வு அறுந்தது. பேச்சுக்கும் காயத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உலகத்திலேயே நல்ல மருத்துவக் குழு பக்கத்தில் இருப்பவர்களே சுமையைப் பற்றி வாய்விட்டுப் பேச வேண்டிய நிலையில் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சுமை என்பது நாம் கொடுப்பது. அதை உடம்பு எப்படி வாங்கிக்கொண்டது என்பது இன்னொரு கணக்கு. இதற்கும் நோட்டுதான். காலையில் எழுந்ததும் ஐந்து கேள்வி: தூக்கம் எப்படி, அசதி எவ்வளவு, தசைவலி எவ்வளவு, மனபாரம் ஏதாவது, மனநிலை எப்படி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மோசம் என்றால் 1, அருமை என்றால் 5. கூட்டினால் 25க்கு ஒரு எண். இரண்டு வாரம் எழுதினால் அவரவருக்கு வழக்கமான எண் எது என்று தெரிந்துவிடும். ஒருவருக்கு 18 சாதாரணம், இன்னொருவருக்கு 22. இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். தன்னுடைய வழக்கத்தில் இருந்து நாலு, ஐந்து இறங்கினால் அன்று பயிற்சியைக் குறையுங்கள், இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் உட்கார வைத்துப் பேசுங்கள். ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்ற அளவுகளை விட, ஆட்டக்காரர் தானே சொல்லும் இந்த மாதிரிப் பதில்கள்தான் பயிற்சிச் சுமையின் ஏற்ற இறக்கத்தை நன்றாகக் காட்டுகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2016ல் எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய தடை இருக்கிறது. நம் பிள்ளைகள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ‘எப்படிடா இருக்கு கால்?’ என்று கேட்டால் ‘பரவால்ல சார், ஆடிருவேன்’ என்பதுதான் பதில். கணுக்கால் இட்லி மாதிரி வீங்கியிருந்தாலும் இதே பதில்தான். கோச் முன்னால் ‘முடியலை’ என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருக்கிறார்கள். சொன்னால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. முடியவில்லை என்று சொன்ன பையனை ‘சாக்குச் சொல்றான்’ என்று எல்லோர் முன்னாலும் திட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அணியில் மற்ற எல்லோரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள், இனிமேல் வாயைத் திறக்கக் கூடாது என்று.

ஆகவே பயிற்சியாளர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நோட்டில் எழுதியதை வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். எல்லோர் முன்னாலும் வரிசையில் நிறுத்திக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும், அல்லது வாட்ஸப்பில் உங்களுக்கு மட்டும் அனுப்பட்டும். முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் மோசமான எண் எழுதுவார். அன்று அவருடைய பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, அடுத்த ஆட்டத்தில் அவருக்கு உரிய இடத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் மற்றவர்களும் உண்மையை எழுதுவார்கள். கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் விட்டால் ஒரே மாதத்தில் எல்லோரும் 5, 5, 5 என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள், நோட்டு வீண்.

தூக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. லைட் போட்டு நடக்கும் போட்டிகள் நள்ளிரவைத் தாண்டி முடிகின்றன. ஆட்டம் முடிந்து பைக்கில் ஊர் திரும்பிப் படுக்க ராத்திரி இரண்டு மணி ஆகிறது. காலையில் வேலை, அல்லது அடுத்த ஆட்டம். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் வளரிளம் விளையாட்டுக்காரர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கடைசி ஆட்டம் பத்து மணிக்குள் முடிவது போல அட்டவணை போடுவது குழுவின் கையில் இருக்கிறது.

அப்புறம் வெயில். இதைப் பற்றிப் பேசாமல் மதுரையில் கால்பந்தைப் பற்றிப் பேச முடியாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில், எல்லா ஆட்டத்தையும் முடிக்க நேரம் போதாது என்பதற்காகப் பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் லீக் ஆட்டங்களை வைக்கிறார்கள். பத்து நிமிட இடைவேளையில் ஆளுக்கு ஒரு தண்ணீர் பாக்கெட். ஃபிஃபா வெயிலை அளக்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை. ஈரப்பதம், நேரடி வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு அளவு எடுக்கிறார்கள். அது 32ஐத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் குளிர்விக்கும் இடைவேளை. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் இருந்து இதைப் பார்க்கிறோம். நம்மிடம் அந்தக் கருவி இல்லை, பரவாயில்லை. ஏப்ரல், மே மாதங்களில் எல்லா ஆட்டத்திலும் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் ஆட்டத்தை நிறுத்துவது என்று விதியே வைத்துவிடலாம். காலை பதினொன்று முதல் மாலை நாலு வரை ஆட்டமே வேண்டாம்.

தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு வேர்த்தது என்று தெரியும். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. உடம்பு எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஆட்டமும் குறையும்.

ஆட்டத்துக்கு நடுவே ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கூப்பிட்டதற்குப் பதில் வராவிட்டால், அது சாதாரண மயக்கம் என்று நிழலில் படுக்க வைத்து விசிறாதீர்கள். வெப்பத்தாக்குதலாக இருக்கலாம், உயிர் போகும். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், வந்தவுடனே அவசரமாக ஏற்றியும் விடாதீர்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், ஐஸ் பார். கழுத்து வரை உட்கார வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பந்தல், மைக் செட், ஃபிளெக்ஸ் என்று செலவு செய்கிறோம். மைதான ஓரத்தில் ஒரு தொட்டி இல்லாமல் கோடைப் போட்டி நடக்கவே கூடாது.

அடுத்து வலி ஊசி. அரை இறுதிக்கும் இறுதிக்கும் நடுவே பையனைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டி வருவது நடக்கிறது. வலியை மட்டும்தான் ஊசி எடுக்கும், கிழிசல் அப்படியேதான் இருக்கும். வேர்த்துக் காய்ந்து போன உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்துக்கும் கெடுதல். பெரிய இடத்திலும் இந்தப் பழக்கம் இருக்கிறது, 2010 உலகக் கோப்பையில் பத்தில் ஏறத்தாழ நாலு பேர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வலி மருந்து எடுத்தார்கள் என்று ஃபிஃபாவின் மருத்துவர்களே எழுதிக் கவலைப்பட்டார்கள். நாம் அதைப் பின்பற்ற வேண்டாம். அதே போல, தொடை இழுத்துக்கொண்ட அன்றே எண்ணெய் போட்டு அழுத்தி நீவ விடாதீர்கள். கிழிந்த தசைக்குள் ரத்தம் கூடுதலாகக் கசியும். அழுத்திக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, ஐஸ் வைத்துவிட்டு மறுநாள் காட்டினால் போதும்.

பின்தொடைக் காயத்தைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஸ்வீடனின் யான் எக்ஸ்ட்ராண்ட் 2001ல் இருந்து ஐரோப்பியக் கிளப்புகளின் காயங்களைப் பதிவு செய்துவருகிறார். தொடக்கத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த பின்தொடைக் காயம் 2021-22ல் 24 சதவீதம் ஆகிவிட்டது. ஆட்டம் வேகமாகிக்கொண்டே போவதும் அட்டவணை நெருங்கிக்கொண்டே போவதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, பெயர் நார்டிக். முட்டி போட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும், பின்னால் ஒருவர் கணுக்கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்படியே எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். தொடர்ந்து செய்கிற அணிகளில் பின்தொடைக் காயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஃபிஃபாவின் 11+ என்ற இருபது நிமிட வார்ம்-அப்பிலும் இது உண்டு. வீடியோ இலவசமாகக் கிடைக்கிறது. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே கோலுக்கு அடிக்க ஆரம்பிப்பது வார்ம்-அப் ஆகாது.

பெண்கள் கால்பந்தைப் பற்றி நம் ஊர் பெருமையோடு பேசலாம். 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று தோற்கடித்து இந்திய மகளிர் லீக்கைத் தூக்கியது மதுரையின் சேது எஃப்.சி. தேசிய சீனியர் மகளிர் கோப்பையைத் தமிழ்நாடு 2018லும் 2023லும் வென்றிருக்கிறது. அந்த அளவுக்கு ஆடும் பெண்களின் உடம்பைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகள் மிகக் குறைவு. முட்டிச் சவ்வு அறுவது ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். நான் மேலே சொன்ன 11+ வார்ம்-அப்பை நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து பார்த்தபோது காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, 2008ல் வந்த ஆய்வு. இன்னொன்று சாப்பாடு. ஓடும் அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இருந்து இதைப் பற்றி எச்சரித்துவருகிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாத பெண்ணை ‘ஸ்டாமினா இல்ல’ என்று கூடுதலாக ஓட விடுவது கொடுமை. காலையில் எழுதும் நோட்டில் மாதவிடாய்க்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். அதைப் பார்க்கும் பொறுப்பில், அந்தப் பெண் ‘அக்கா’ என்று கூப்பிட்டுத் தயங்காமல் பேசக்கூடிய ஒரு பெண் இருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக. குறுவட்டம், மாவட்டம், முதலமைச்சர் கோப்பை, அகாடமி, ஊர் அணி என்று எல்லாவற்றிலும் ஒரே பிள்ளை ஆடுகிறான். வளர்கிற வயதில் குதிகாலிலும் முட்டிக்குக் கீழேயும் வலி வந்தால் அது சோம்பல் இல்லை. எலும்பு வளரும் இடத்தைத் தசை இழுப்பதால் வரும் வலி. சுமையைக் குறைத்தால் சரியாகிவிடும்.

கடைசியாகப் பணம். ஒப்பந்த ஆட்டக்காரரைப் பார்த்து ‘நீ ஏன் இங்க வந்து காலை உடைச்சுக்கிற’ என்று கேட்பது எளிது. சீசனோடு ஒப்பந்தம் முடிகிறவருக்கு அடுத்த சில மாதம் சம்பளம் கிடையாது. தங்கை படிப்பு, அப்பா மருந்துச் செலவு எல்லாம் இந்தக் கோடைப் போட்டிப் பணத்தில்தான் ஓடுகிறது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஆடாதே என்றும் சொல்ல மாட்டேன். ஆடுவதற்கான பணம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்று இல்லாமல் போட்டி முழுமைக்கும் என்று பேசிக்கொண்டால், உட்கார வைத்த ஆட்டத்துக்கும் அவருக்குக் காசு உண்டு என்றால், அவர் வலியை மறைக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும். காயம் பட்டால் ஸ்கேன் செலவையாவது குழு ஏற்க வேண்டும். பரிசுத் தொகையில் ஒரு சின்னப் பங்கை முன்கூட்டியே இதற்கென ஒதுக்கி வைத்தால் யாருக்கும் பாரமாகத் தெரியாது.

இந்தக் கோடைக்கு இன்னும் நோட்டீஸ் அடிக்காத குழுக்கள் இருந்தால், அடிக்கும் முன் இவற்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு அணிக்கு ஒரு நாளில் ஒரே ஆட்டம். இரண்டு வார இறுதிகளாகப் பிரித்து நடத்தினால் இது முடியும். பகல் ஆட்டம் இல்லை. பாதிக்கு நடுவே தண்ணீர் இடைவேளை. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். மைதான ஓரத்தில் ஐஸ் தொட்டி. ஒவ்வொரு அணியிலும் நோட்டு எழுத ஒருவர், அவர் ஆடாதவராக இருப்பது நல்லது.

நோட்டு எழுதும் முறையைச் சொல்லிக்கொடுக்க யார் கூப்பிட்டாலும் சாயங்காலம் கிரவுண்டுக்கு வருகிறேன், காசு வேண்டாம். ரேஸ்கோர்ஸ் மைதானமோ அரசரடியோ மேலூர்ப் பக்கம் கண்மாய்ப் பொட்டலோ, எங்கே என்றாலும் சரி. போட்டி முடிந்ததும் அந்த நோட்டை ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். கிளப்புக்குத் திரும்பும்போது அங்கே உள்ள ஃபிட்னஸ் கோச்சிடம் அவர் காட்டட்டும், முதல் வாரம் எவ்வளவு ஓட வைக்கலாம் என்று அதைப் பார்த்து அவர் முடிவு செய்துகொள்வார்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்